ஒரு திறப்பும் இருபத்தாறு கதவுகளும்

வியாழக்கிழமை

மதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஒட்டுசுட்டானுக்கு அப்பால் உள்ள வீட்டுத்திட்டக் குடியிருப்பிலிருந்து, தரம் பத்து மாணவி தயாபரன் யதுர்ஷிகா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் அனைவரும் நலம், யானைகளும் இந்த மாதம் வரவில்லை. தாங்களும் தங்கள் அச்சுக்கூடத்தில் உள்ளோரும் நலமே என நம்புகிறேன். நடந்தவை எல்லாவற்றையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக இக்கடிதத்தில் பதிவு செய்யப் போகிறேன்.

சென்ற ஞாயிறு தங்கள் பத்திரிகையின் ஆறாம் பக்கத்தில் “மாணவருக்குக் களவு கற்பிக்கும் ஆசிரியை” என்று ஒரு செய்தி வந்தது. அது எங்கள் சிவதர்சினி ரீச்சரைப் பற்றியது. நாளை வெள்ளிக்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வருகிறார்கள். ரீச்சரை மாற்றிவிடுவார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ரீச்சர் வருவதற்கு முன் இரண்டு வருடமாகக் குடியியற் கல்விக்கு எங்களுக்கு ஆளே இல்லை. அந்தப் பாடவேளையில் நாங்கள் மைதானத்தில் புல்லுப் பிடுங்கினோம். ரீச்சர் போனால் மறுபடியும் புல்லுத்தான். ஆகவே தங்கள் செய்தி பிழையென்று காட்ட நடந்ததைச் சொல்கிறேன். முழுவதையும் அறிந்தால் தாங்கள் ரீச்சரைப் பாராட்டுவீர்கள்.

ரீச்சர் செவ்வாய்க்கிழமைகளில் எங்களுக்குக் குற்றவியல் கொள்கைகளைக் கற்பித்தார். முதலில் ஒரு பழைய கொள்கை. குற்றவாளிகள் பிறவியிலேயே அப்படிப் பிறக்கிறார்கள், காதையும் தாடையையும் அளந்தால் ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று முந்திய காலத்தில் சொன்னார்களாம். “இது பிழையான கொள்கை. ஏன் பிழை எண்டு நீங்களே கண்டுபிடியுங்கோ,” என்றார். நாங்கள் அடிமட்டத்தோடு போய் நாற்பது பேரின் காதுகளை அளந்தோம். அளவுகளின்படி எங்கள் ஊரில் மிக ஆபத்தானவர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் வீரகத்தி ஐயா என்று வந்தது. அவரோ கோயில் திருவிழாவில் தேருக்கு முன் நடப்பவர். ஆகவே கொள்கை பிழை. நான் அவரிடமே ஓடிப்போய், “ஐயா, உங்கட காதாலதான் அந்தக் கொள்கை பிழை எண்டு நிரூபிச்சனாங்கள்,” என்றேன். அவர் நன்றி சொல்லவில்லை.

அடுத்தது புதிய கொள்கை. எடுக்க ஆசைப்படும் ஆள், எடுக்கக்கூடிய பொருள், காவல் இல்லாமை, இம்மூன்றும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் சேர்ந்தால் குற்றம் நடக்கும் என்பது அது. ரீச்சர் எங்களைக் களவெடுக்கச் சொல்லவில்லை, ஐயா. “உங்கட ஊரில காவல் இல்லாத இடம் எது, நேரம் எது எண்டு நேரில போய்ப் பாத்து ஒரு வரைபடம் கீறுங்கோ,” என்றுதான் சொன்னார். நானும் என் தோழி பரீனாவும் வீடு வீடாகப் போனோம். அறுவடைக் காலம், எல்லோரும் வயலில். பரீனா வீட்டில் அளவுநாடா எடுக்கப் போனபோது அவளுடைய திறப்பைக் காணவில்லை. பகிடிக்கு என் வீட்டுத் திறப்பைச் சாவித்துவாரத்தில் போட்டுச் சுழற்றினேன். கதவு திறந்தது.

“எடியே, இது எங்கட திறப்போ, உங்கட திறப்போ?” என்றாள் பரீனா.

“ரெண்டு வீட்டுக்கும் ஒண்டுதானடி போல.”

ஒருமுறை கிடைத்த முடிவை நம்பக்கூடாது, திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும் என்று விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கிறது. ஆகவே சோதித்தோம். முப்பத்தொரு கதவுகளில் இருபத்தாறு என் திறப்புக்குத் திறந்தன. வீடு கட்டிய ஒப்பந்தகாரர் ஒரேவகைப் பூட்டை மொத்தமாக வாங்கியிருக்க வேண்டும். நாங்கள் எந்த வீட்டுக்குள்ளும் போகவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்தோம். பார்த்ததை எழுதினோம். அங்கேதான் அதிசயம். எங்கள் தேங்காய்த் திருவலை வீரகத்தி ஐயா வீட்டுக் குசினியில் இருந்தது. பரீனா வீட்டு இஸ்திரிப்பெட்டி எதிர்வீட்டு மேசையில் இருந்தது. அதாவது, திறப்பு விஷயம் எல்லோருக்கும் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். ஆனால் தனக்கு மட்டுந்தான் தெரியும் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். அவசரத்துக்குத் திறந்து எடுப்பார்கள், பிறகு வைப்பார்கள், அல்லது வைக்க மறப்பார்கள். இருபத்தாறு வீட்டிலும் காவலே இல்லை, ஆனால் ஒரு களவும் இல்லை!

ரீச்சர் எங்களைக் கட்டிப்பிடிக்காத குறை. “ஆக்கள் ஏன் குற்றம் செய்யினம் எண்டு எல்லாரும் கேப்பினம். ஏன் செய்யாமல் இருக்கினம் எண்டு கேட்டனீங்கள் பாருங்கோ, அதுதான் பெரிய கேள்வி,” என்றார். அந்த மகிழ்ச்சியில் நான் பெற்றோர் தினத்துக்குப் பாடசாலைச் சுவரில் இரண்டு தாள்கள் ஒட்டினேன். ஒன்று, ஆளில்லாத நேரங்கள் குறித்த வண்ண வரைபடம். மற்றது, யாருடைய பொருள் யார் வீட்டில் இருக்கிறது என்ற அட்டவணை. ஒட்டச் சொன்னது ரீச்சர் அல்ல. ஒட்டும்போது பசைப்போத்தலைப் பிடித்தது மட்டும் ரீச்சர்.

அன்று வீரகத்தி ஐயா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இரண்டுதரம் வாசித்தார்.

“இதென்ன பிள்ளை, என்ர வீட்டில உங்கட திருவலையோ?”

என் அம்மா விமலேஸ்வரி முன்னால் வந்தார். “ஓம் அண்ணை. நான் தைப்பொங்கலில இருந்து தேடுறன்.”

“சும்மா கதைக்காதை. நான் எடுத்தது மாசியிலதான்!”

“அப்ப தையில ஆர் வைச்சிருந்தது?”

பின்வரிசையில் ஒரு கை மெல்ல உயர்ந்து, உடனே தலைமயிரைக் கோதியது. அம்மா வெற்றியோடு திரும்பினார். அதற்குள் பரீனாவின் தாய், “விமலாக்கா, அஞ்சாம் வரியையும் ஒருக்கா வாசிங்கோ. உங்கட அலுமாரிக்கு மேல என்ர இடியப்ப உரல்,” என்றார். அம்மா அதன்பின் வரைபடத்தின் நிறங்கள் நன்றாக இருப்பதாக மட்டும் சொன்னார்.

மறுநாளே பரீனாவின் தகப்பன் நாஸிம் நானாவின் கடையில் ஆமைப்பூட்டு எல்லாம் விற்றுத் தீர்ந்தது. குற்றவியலால் இலாபம் அடைந்த ஒரே ஆள் அவர்தான். அவரும் தன் வீட்டுக்கு இரண்டு பூட்டினார். இனி ஊர் பாதுகாப்பு என்று எல்லோரும் வயலுக்குப் போனார்கள். மத்தியானம் யாரும் எதிர்பாராத மழை. நெல் முழுக்க வீதியில் காய்ந்துகொண்டிருந்தது. முன்பென்றால் வீட்டில் நிற்கிற யாராவது சொல்லாமல் கொள்ளாமல் அடுத்த வீட்டைத் திறந்து தார்ப்பாய்ப் படங்கை எடுத்து மூடிவிடுவார்கள். அன்று படங்குகள் எல்லாம் புதுப் பூட்டுக்குள் நனையாமல் பத்திரமாக இருந்தன. நெல் நனைந்தது. வீரகத்தி ஐயாவின் நெல் பதினான்கு மூடை. அன்று பின்னேரமே அவர் கல்வி அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதினார். மழைக்கு எதிராக எழுத முடியாதென்பதால் ரீச்சருக்கு எதிராக எழுதினார் என்பது என் கருத்து.

ஐயா, இவ்வளவுதான் நடந்தது. இதிலே ரீச்சரின் குற்றம் எங்கே இருக்கிறது? காது அளந்தது நாங்கள், கதவு திறந்தது நாங்கள், ஒட்டியது நான். இக்கடிதத்தை ஒரு சொல்லும் குறைக்காமல் ஆறாம் பக்கத்திலேயே பிரசுரித்து எங்கள் ரீச்சரைக் காப்பாற்றித் தருமாறு பணிவாக வேண்டுகிறேன். தங்கள் பேனைக்கு மை வற்றாதிருக்கவும், தங்கள் நெல் ஏதும் வெளியில் கிடந்தால் அது நனையாதிருக்கவும் வற்றாப்பளை அம்மனை வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள வாசகி,
த. யதுர்ஷிகா

பி.கு. (வெள்ளிக்கிழமை): தபாலில் சேர்ப்பதற்குள் விசாரணை நடந்துவிட்டது. பாடசாலை நூலகத்தில் நடந்தது. அலுவலர் வீரகத்தி ஐயாவிடம், “என்ன களவு போனது?” என்றார்.

“ஒண்டும் போகேல்லை சேர்.”

“பிறகென்ன முறைப்பாடு?”

“முந்தி ஆர் என்ன எடுத்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, சந்தோசமா இருந்தனாங்கள். இப்ப எல்லாருக்கும் எல்லாம் தெரியுது சேர்.”

அலுவலர் சிரித்தார். ஒரு திறப்பு இருபத்தாறு கதவைத் திறக்காது, இது பிள்ளைகளின் கற்பனை என்றார். என்னிடம் திறப்பை வாங்கி, “இப்ப பாருங்கோ,” என்று நூலகக் கதவில் போட்டுச் சுழற்றினார். பூட்டியது. மறுபக்கம் சுழற்றினார். திறந்தது. நூலகத்தைக் கட்டியதும் அதே ஒப்பந்தகாரராம். கதவுக்கு நேரே தவணைப் பரீட்சை வினாத்தாள் கட்டுகள் மேசையில் இருந்தன. பாடசாலை அதிபர் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பிள்ளை, இதுக்கு முதல் இந்தக் கதவில போட்டுப் பாத்தனீரோ?” என்று அலுவலர் கேட்டார்.

“இல்லை சேர். வீடுகளுக்கு மட்டும்தான்.”

அலுவலர் தான் எழுதியிருந்த தாளை நாலாகக் கிழித்தார். முறைப்பாடு கிடைக்கவில்லை, விசாரணை நடக்கவில்லை, ரீச்சருக்கு மாற்றமும் இல்லை, பாடம் வகுப்பறைக்குள்ளே மட்டும் தொடரட்டும் என்றார். ரீச்சர் அழுதுகொண்டே சிரித்தார். ஆகவே ஐயா, மேலே நான் எழுதியதில் ஒன்றையும் பிரசுரிக்க வேண்டாம். அப்படியொரு திறப்பே இல்லை. சிவதர்சினி ரீச்சர் இங்கேயே படிப்பிப்பார் என்ற ஒரு வரி மட்டும் போதும்.

எல்லோரும் வெளியே வந்த பின் அலுவலர் வாசலில் நின்று, “லைற் எரிஞ்சால் கூட்டம் நடந்த மாதிரி இருக்கும், நூத்துப்போட்டு வாங்கோ,” என்றார். அதிபர் போய் லைற்றுகளை அணைத்தார்.