தொண்டை கமறியதற்கு மாப்பிள்ளையிடம் மன்னிப்பு

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று எண்ணிக்கொள்கிறேன். இரண்டு மாதமாக நீங்கள் இந்தப் பக்கமே வராததால் எண்ணிக்கொள்ள மட்டும்தான் முடிகிறது.

தவறு என்னுடையதுதான். நீங்கள் அனுப்பிய ஆலிவ் எண்ணெயில் ஒரு கரண்டி வாயில் விட்டேன். கசந்தது, தொண்டை கமறியது, கால்மணி நேரம் இருமினேன். அச்சகத்தில் முப்பத்தெட்டு வருடம் பிழை திருத்தியவனுக்கு எதிலும் குறைதானே முதலில் கண்ணில் படும்? எண்ணெய் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "மாப்பிள்ளை வீணாய்ப்போன எண்ணெயை நம் தலையில் கட்டிவிட்டார்" என்று எழுதியும் போட்டேன். மிச்சத்தைக் கதவுக் கீல்களுக்கு விட்டேன், அலமாரிக்கு விட்டேன், தையல் மெஷினுக்கும் விட்டேன். உங்கள் அத்தை வந்து பார்த்துவிட்டு, "அவர் பார்த்துப் பார்த்து வாங்கி அனுப்பினதைக் கதவுக்கு ஊட்டிட்டீங்களா?" என்றாள். அதன்பிறகு எங்கள் வீட்டில் கதவும் சத்தம் போடுவதில்லை, அவளும் பேசுவதில்லை.

நேற்று வேறு எண்ணெய் வாங்கப் போன இடத்தில் கடைக்காரரிடம் புலம்பினேன். அவர் சிரித்துவிட்டார். "கமறணும் சார், நல்ல எண்ணெய்க்கு அதுதான் அடையாளம். எக்ஸ்ட்ரா வர்ஜின்னா பழத்தைச் சூடு காட்டாம பிழிஞ்சது, காய்கறி மேல அப்படியே ஊத்திக்கலாம், இதயத்துக்கும் நல்லது. பொரிக்கிறதுக்கு ரீஃபைன்டு போதும். சக்கையில எடுக்கிறது போமஸ். லைட்னு போட்டிருந்தா கொழுப்பு கம்மின்னு ஏமாந்துடாதீங்க, ருசியும் நிறமும்தான் லேசு" என்றார்.

என் இதயத்துக்கு நீங்கள் அனுப்பியது கீல்களின் ஆரோக்கியத்துக்குப் போய்விட்டது. மனசு கேட்கவில்லை மாப்பிள்ளை. நான் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்து போங்கள்.

நோய்நொடி அண்டாமல் நீங்கள் இருவரும் நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மகளுக்குப் போன் செய்து இதை வாசித்துக் காட்டினேன். "அவர் அந்த குரூப்லயே இல்லப்பா. நீங்க எழுதினது இன்னிக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது" என்றாள். எனவே மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். பிறகு ஏன் வரவில்லை என்று கேட்டேன். "கடைக்காரர் சொன்ன அத்தனையும் அவர் பாட்டிலோட நாலு பக்கம் எழுதி வச்சிருந்தாரே. அதுல பதினேழு பிழைன்னு சிவப்பு மையில சுழிச்சுத் திருப்பி அனுப்பினீங்களே, மறந்துட்டீங்களா?" என்றாள். மறக்கவில்லை. பதினேழு பிழையும் நினைவிருக்கிறது, என்ன எழுதியிருந்தீர்கள் என்பதுதான் தெரியாது. அந்தக் கடிதத்தை மறுபடி அனுப்புங்கள் மாப்பிள்ளை. இந்த முறை படிக்கிறேன்.