ஏழு கடலைக் காத்த அங்கமுத்து

உலகத்துக்காக உருகுவோர் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1983-இல் சேலம் சூரமங்கலத்தில் அந்த இனத்துக்குச் சரியான பிரதிநிதி ரயில்வே குமாஸ்தா அங்கமுத்து. கடலை அவர் ஒரே ஒரு முறை, மெரினாவில், செருப்பைக் கையில் பிடித்தபடி பார்த்திருக்கிறார். அதனால் என்ன? நூலகத்தில் படித்த ஒரு பத்திரிகைக் கட்டுரை போதாதா? அன்றிலிருந்து, அளவில்லாமல் அள்ளியதால் பெரு நாட்டில் நெத்திலி அற்றுப்போன கதையை டீக்கடையில் சொன்னார், டவுன் பஸ்ஸில் சொன்னார், கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்ற வந்தவரை நிறுத்திவைத்துச் சொன்னார். ரசம் ஆறிப்போனது.

சூரமங்கலத்தில் காதுகள் தீர்ந்துபோகவே, ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் இரண்டு பஸ் மாறி ஜேடர்பாளையம் அணைக்கட்டுக்குப் போனார். பரிசல் போட்டு மீன் பிடிக்கும் ஏழு பேர் உட்கார்ந்து கேட்டார்கள். நார்வே, ஜப்பான், பெரு என்று ஒன்றரை மணி நேரம். கடைசியில் குரல் தழுதழுத்தது.

"குஞ்சைப் பிடிக்காதீங்க! இன்னைக்குக் குஞ்சைப் பிடிச்சா நாளைக்குக் கடல்ல வெறும் உப்புத்தண்ணிதான்!"

ஆறு பேர் கைதட்டினார்கள். ஏழாமவர் வீரபாகு தட்டவில்லை, யோசித்தார். கரையோரத்தில் கொசுவலை கட்டிப் பொடிமீனை அள்ளுவது அவர் தொழில். அதை மொறுமொறுவென்று வறுத்து விற்பது மனைவி சுப்பம்மாள்.

"ஏனுங்க, நெசமாலுமே அப்பிடி ஆயிருமுங்களா?"

"பெருவுல ஆயிருச்சேப்பா!"

"இங்கயும் கெண்டை முன்ன மாதிரி இல்லீங்க," என்றார் வீரபாகு மெதுவாக.

அங்கமுத்துவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்தப் புல்லரிப்போடு சுப்பம்மாள் கடையில் இரண்டு தட்டு பொடிமீன் தின்றுவிட்டு, மனைவி வசந்தாமணிக்கும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

வீரபாகு சாயங்காலமே கொசுவலையைக் கிழித்துப் பாகற்பந்தலுக்குக் கட்டிவிட்டார். மூன்று விரல் நுழையும் கண்ணி வலையை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினார். பாதி நாள் வெறும் பரிசல்தான் திரும்பியது. "கடலு பொழச்சுக்கும், நம்ம ஊடு?" என்று சுப்பம்மாள் வாரம் முழுக்கக் கேட்டாள்.

மறு ஞாயிறு அங்கமுத்து வந்தார், கையில் துணிப்பையோடு.

"அம்மிணி, பொடிமீன் ரெண்டு பொட்டலம். ஊட்டுல அதே பேச்சா இருக்குது."

"இல்லீங்க. அவரு நிறுத்திப்போட்டாருங்க."

"ஏன்?"

"நீங்கதானுங்களே சொன்னீங்க!"

அங்கமுத்துவுக்குக் காது சூடேறியது. இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதை ஒருவர் செய்துவிட்டது இதுதான் முதல் தடவை. அப்படி நடந்தால் என்ன செய்வதென்று அவர் யோசித்தே வைத்திருக்கவில்லை. சந்தோஷப்பட முயன்றார், நாக்கு ஒத்துழைக்கவில்லை.

"நான் சொன்னது... கடல் மீனைப் பத்தி," என்றார்.

நனைந்த வேட்டியோடு நின்ற வீரபாகு அவரையே பார்த்தார். "குஞ்சு எங்கிருந்தாலும் குஞ்சுதானுங்களே. பெரிய கெண்டை ஒண்ணு கெடக்குதுங்க. கொழம்பு வெக்கச் சொல்லட்டுங்களா?"

"முள்ளு இருக்குமே."

இடமும் வலமும் பார்த்துக்கொண்டு அங்கமுத்து நாலாவது கடைக்கு நடந்தார். அங்கே சட்டியில் பொடிமீன் பொரிந்துகொண்டிருந்தது. செத்தது செத்துப்போச்சு, வீணாகலாமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று தின்றார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் உப்புக் குறைவாகத் தெரிந்தது.

வீரபாகு வலையை மாற்றவில்லை. சொன்னவரை அவர் விட்டுவிட்டார், சொன்னதைப் பிடித்துக்கொண்டார். தை பிறப்பதற்குள் சுப்பம்மாளின் கெண்டைக் குழம்புக்கென்றே பரமத்தியிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அங்கமுத்துவோ அடுத்த கூட்டத்தில், "காவிரிக்கரையையே திருத்திவிட்டேன்," என்று முழங்கினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். படிக்கும்போதே, "இது அச்சு அசல் நம்ம மச்சான்தான், கொண்டுபோய்க் காட்டணும்," என்று தோன்றியிருக்குமே? தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் உங்கள் முகம் நினைவுக்கு வந்து, இதே பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்த மச்சான் இந்நேரம் உங்கள் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருக்கிறார்.