நாற்பத்தொரு மாலைகளும் மைக்செட் பாயும்

துடியலூர் வட்டாரத்தில் ஓர் எண்ணை அது பிறந்த அளவிலேயே வெளியே விட்ட பழக்கம் மைக்செட் பாய்க்கு ஒருநாளும் கிடையாது. மூன்று என்று அவர் காதில் போட்டால் வாய் வழியாக ஆறாகத்தான் வரும்.

நானோ பஞ்சாலை டைமாபீஸில் முப்பத்து நான்கு வருடம் ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் எண்ணியவன். ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. எங்கள் நகரில் ஐம்பத்திரண்டு வீடுகள். ஒன்பது தெருவிளக்குகள், எரிபவை ஆறு. என் வீட்டிலிருந்து பாய் வீடு நூற்றுப் பதினெட்டு தப்படி. இவ்வளவு கிட்டத்தில் அவரைக் குடிவைத்தது யார் என்று நான் பலமுறை கவலைப்பட்டிருக்கிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். கோயில் நோம்பி, பள்ளிவாசல் விழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் ஒலிபெருக்கி கட்டுவது அவர்தான். கட்டிவிட்டுச் சும்மா இருந்தால் பரவாயில்லை, அறிவிப்பும் அவரே.

ஒரு மாரியம்மன் நோம்பியில் ஒருவருடைய வெள்ளாடு காணாமல் போனது. ஓர் ஆடு. பாய் மைக்கைப் பிடித்து, "ரெண்டு ஆடு தவறிப் போயிருச்சுங்க, பாத்தவங்க மேடைக்குப் புடிச்சிட்டு வாங்க" என்றார். எங்கள் ஊர் வாலிபர்கள் கடமை தவறாதவர்கள். ஒன்று கிடைத்ததும் நிறுத்தவில்லை. இரண்டாவதையும் பிடித்துக் கொண்டு வந்து சேர்த்தார்கள். அதன் சொந்தக்காரர் அரை மணி நேரம் கழித்து மூச்சிரைக்க ஓடிவந்து, "ஏனுங்க, கட்டுத்தறியில கட்டியிருந்த ஆட்ட அவுத்துட்டு வந்து மாலை போட்டு நிறுத்தியிருக்கறீங்களே, இது நாயமுங்களா?" என்று கேட்டார்.

இன்னொரு முறை நான்கு மணி நேர மின்தடையை எட்டு மணி நேரம் என்று அறிவித்தார். ஐம்பத்திரண்டு வீட்டிலும் அண்டா முதல் டம்ளர் வரை தண்ணீர் பிடித்து வைத்தார்கள். மின்சாரம் நான்கு மணி நேரத்தில் வந்துவிட்டது. மேல்நிலைத் தொட்டியில்தான் சொட்டு இல்லை.

"ஏன் பாய் இப்படி?" என்று ஒருநாள் நேரிடையாகவே கேட்டேன்.

"சார், ஒயர் நீளமாப் போவப் போவ சத்தம் தேஞ்சு போகுமுங்க. சேதியும் அப்படித்தானுங்க. அங்க போய்ச் சேரும்போது சரியா இருக்கணும்னா, இங்க ரெட்டிப்பா உட்டாத்தான் ஆகும்" என்றார். முப்பது வருட அனுபவமாம். எனக்குத் தெரிந்து பதினைந்து வருடம்.

போன பொங்கலுக்கு எங்கள் நகர் நலச் சங்கத்துக்குப் புதிய செயலாளர் வந்தார். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சிந்து என்ற பெண். "வருசா வருசம் கோலப்போட்டி, மியூசிகல் சேர்னே ஓட்டறோமுங்க. இந்த வருசம் நம்ம ஆளுக ஒவ்வொருத்தரோட சொந்தக் கதையையும் பதிவு பண்ணி வெச்சுக்கலாம்" என்றார். சங்கத்தின் படிப்பறையில் இரண்டு நாள் பதிவு. ஆளுக்கு ஐந்து நிமிடம். காணும் பொங்கல் மாலையில் பூங்காவில் எல்லோரும் கேட்கும்படி போடுவது. பிறகு எல்லோருக்கும் போனில் அனுப்புவது. கதை உண்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. அதைச் சரிபார்க்கும் பொறுப்பை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நானே நோட்டும் கடிகாரமுமாகப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மைக் யாருடையது? பாயுடையது. ஆகவே பாயும் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தங்களைப் பற்றிப் பேசுங்கள் என்றால் கூச்சம் வந்துவிடும். ஐந்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் மைக்கிடம், "வாங்க, நல்லா இருக்கறீங்களா, சாப்டீங்களா" என்று விசாரிப்பதிலேயே போகும். மீதி மூன்றில் பாய் புகுந்தார். அன்னூர்ப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த பொன்னாத்தாக்கா, தான் தனியாளாகப் பாம்பு அடித்த கதையைத் தொடங்கினார்.

"மோட்டார் ரூமுக்குள்ள ரெண்டு முழத்துக்கு ஒரு பாம்புங்க..."

"நாலு முழம்னு சொல்லுங்க அம்மணி. மைக்குல கேக்கறப்பக் குட்டியாத் தெரியும்."

"ஏனுங்க பாய், பாம்பப் பாத்தது நானுங்களா, நீங்களா?"

"பாத்தது நீங்கதானுங்க. கேக்கப் போறவங்க பாக்கலீல்லங்க!"

முதல் நாள் பதினொரு கதைகள். அவற்றில் ஏழில் பாயின் குரல் குறுக்கே கிடந்தது. நான் பொறுமை இழந்தேன். நோட்டை மேசைமேல் அடித்து, "பாய், இனி ஒரு எண்ணு கூடிப்போச்சுன்னா உங்க கதையப் பதிவுலிருந்தே வெட்டிப்போடுவேன். சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் முகம் சட்டென்று சுருங்கியது.

"அப்படிச் சொல்லாதீங்க சார். ஊர்ல இருக்கறவங்க பேரெல்லாம் மைக்குல சொல்லியிருக்கறனுங்க. என்னப் பத்தி ஒரு வார்த்த பேசுனதில்லீங்க. சென்னையில பேத்தி கேக்கறா, 'உங்க கதைய அனுப்புங்க தாத்தா, கிளாஸ்ல போட்டுக் காட்டணும்'னு. அதுக்கோசரந்தானுங்க நானே காத்துட்டு இருக்கேன்."

மறுநாள் அவர் வாயே திறக்கவில்லை. சாயங்காலம் இருபத்து மூன்றாவது ஆளாக, கடைசி ஆளாக, மைக் முன்னால் வந்து உட்கார்ந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அறையில் சிந்து, நான், என் வீட்டுக்காரி சரசு, இன்னும் ஆறு பேர்.

கொரோனா ஊரடங்குக் கதையைத்தான் அவர் எடுத்தார். அப்போது அவருடைய ஆட்டோவை விழிப்புணர்வு அறிவிப்புக்கு எடுத்திருந்தார்கள். பாஸ் வைத்திருந்ததால் வெளியே போய்வர முடிந்த ஒரே ஆள் அவர்தான். மருந்து, அரிசி, ஆஸ்பத்திரிக்குச் சாப்பாட்டுப் பை எல்லாம் அவர் கையில்தான் போயின. சாயங்காலம் ஆறு மணிக்குத் தண்ணீர்த் தொட்டிமேல் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில், எந்த வீட்டில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வீடாகச் சொல்லுவார்.

பாய் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே தொண்டையைச் செருமினார்.

"ஒரு இருவது நாளுங்க. சாயங்காலமானா மைக்குல பேசுவனுங்க. இருவத்தாறு ஊட்டுச் சேதி. அவ்வளவுதானுங்க. பெருசா ஒண்ணுமில்லீங்க."

எழுந்திருக்கப் போனார். ஒரு நிமிடம் பத்து வினாடிதான் ஆகியிருந்தது.

"இருங்க பாய்" என்றேன். "தப்பு."

சிந்து கையை நீட்டி, பதிவு ஓடுகிறது என்று சைகை காட்டினார். பாய்க்கு வியர்த்துவிட்டது. "சார், வெட்டிப்போடாதீங்க. எது கூடிப்போச்சுன்னு சொல்லுங்க, இன்னுங் கொறச்சுக்கறேன்."

"கூடலை. கொறஞ்சு போச்சு. நம்ம நகர்ல ஐம்பத்திரண்டு வீடு. நீங்க பேசுனது நாற்பத்தொரு நாள். ஒருநாள் மழை கொட்டுச்சு, அன்னைக்கும் குடை புடிச்சுட்டுப் பேசுனீங்க."

"எண்ணுனீங்களா சார்?"

"எண்ணாம?"

"கூட்டிச் சொன்னா வெட்டுவேன்னீங்க. எதுக்கு வம்புன்னு எல்லாத்தையும் பாதியாக்கிப்போட்டேனுங்க" என்று தலையைச் சொறிந்தார்.

அதற்குமேல் பேசியது நான். என் விதியை நானே மீறி, அடுத்தவர் பதிவில் புகுந்து பேசினேன். சரசு பதினேழு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததை, அங்கே யாரையும் விடாததை, நான் தினமும் ஆறு மணிக்கு மொட்டை மாடியில் போய் நின்றதைச் சொன்னேன். ஒன்பதாம் நாள் ஸ்பீக்கரில், "டைமாபீஸ் சார் ஊட்டம்மா இன்னைக்கு ரெண்டு இட்லி சாப்ட்டாங்க. சிரிச்சாங்களாம்" என்று கேட்டதைச் சொன்னேன். கீழே இறங்கிப் போய், இரண்டு நாள் பட்டினிக்குப் பிறகு நானும் சாப்பிட்டதைச் சொன்னேன்.

பின்னாலிருந்து சரசு, "ரெண்டா?" என்றாள். "அரை இட்லிங்க! அதுவும் நர்சம்மா மெரட்டி ஊட்டுனது. சிரிக்கவெல்லாம் தெம்பு ஏதுங்க?"

ஆறு வருடமாக எனக்குத் தெரியாத கணக்கு. நான் பாயைப் பார்த்தேன். அவர் வழக்கத்தையே மீறியிருக்கிறார். அரைக்கு இரண்டு என்றால் நான்கு மடங்கு.

"அரை இட்லின்னு சொல்லியிருந்தா, நீங்க அன்னைக்கு அடுப்புப் பத்த வெச்சிருப்பீங்களா சார்?" என்றார் பாய்.

நான் நோட்டை மூடி வைத்தேன். சிந்து பதிவை நிறுத்தினார். எட்டு நிமிடம் நாற்பது வினாடி. அதில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நான். ஒரு வினாடியையும் வெட்டவில்லை.

காணும் பொங்கலன்று பூங்காவில் அந்தப் பதிவு ஓடியபோது கரும்பு கடிக்கும் சத்தம்கூட இல்லை. நாற்பத்தொரு நாள் என்று என் குரல் வந்ததும் பொன்னாத்தாக்கா முதலில் கைதட்டினார். பிறகு ஐம்பத்திரண்டு வீடும் தட்டியது. பாய் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் குனிந்து, இல்லாத ஒயர் ஒன்றைச் சரிசெய்து கொண்டிருந்தார். நான் மூன்று முறை நாற்காலிகளில் இருந்தவர்களை எண்ணினேன். மூன்று முறையும் நூற்று எண்பத்தாறு பேர்.

ஒலிபெருக்கிகளைக் கழற்றும்போது சென்னையிலிருந்து பேத்தி கூப்பிட்டாள். கதையைக் கேட்டுவிட்டாளாம்.

"கேட்டியா கண்ணு? இங்க எத்தன பேரு கேட்டாங்க தெரியுமா? நானூறு பேரு! நம்பிக்கையில்லையா? கணக்குப் போடறவரு பக்கத்துலயே நிக்கறாரு, அவரையே கேளு" என்று சொல்லி, யோசிக்காமல் போனை என் கையில் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் யாரிடம் கொடுத்தோம் என்பது அவருக்கு உறைத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"நிஜமாவே நானூறு பேரா தாத்தா?" என்றது மறுமுனைக் குரல்.

"நானூறு இல்ல கண்ணு" என்றேன். "நானூத்தி ரெண்டு. நானே எண்ணுனேன்."