ட்ரில் பார்க்க வந்த குடைக்காரர்

பலா மரத்தடியில், வேலிக்கு அந்தப் பக்கம், குடைக்காரர் இன்றைக்கும் வந்து நின்றுவிட்டார். கறுப்புக் கோட்டு, துருக்கித் தொப்பி, கையில் விரித்த குடை, வாய்க்குள் ஏதோ எண்ணிக்கை. குடையைக் கண்டதும் சோதிலிங்கம் வாத்தியார் தூக்கிய கையை இறக்க மறந்துபோனார். வாத்தியாரைப் பார்த்துச் செய்யும் பையன்களும் தூக்கிய கையோடு நின்றார்கள்.

"சேர், கை நோகுது!"

"நோகட்டும்! அதுதான் ட்ரில்!"

உண்மையைச் சொல்லிவிடுவோம். ட்ரில் என்றால் என்னவென்று அவருக்கு மருந்துக்கும் தெரியாது. மனுசன் கணக்கு வாத்தியார். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் ட்ரில் வேண்டும் என்று கல்வி இலாகாவின் வித்தியா கந்தோர் உத்தரவு போட்ட நேரம் பார்த்து, மலைநாட்டுக் கட்டுகஸ்தோட்டையில் இந்த வேலை காலியாக இருந்தது. "ட்ரில் தெரியுமோ?" என்று பள்ளிக்கூட மனேச்சர் கேட்க, "ஓம், நல்லாய்த் தெரியும்" என்று வாய் கூசாமல் சொல்லி உள்ளே நுழைந்தவர். பொய் வெளிப்பட்டால் வேலை போச்சு. வேலை போனால் யாழ்ப்பாணம் திரும்பி, மாமனார் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு அவருடைய புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கத் துலா மிதிக்க வேண்டியதுதான். அந்தச் சோற்றை விடப் பட்டினி மேல்!

"ஆரேன் வழியால போற ஆளாயும் இருக்கலாம்" என்றார் அன்றிரவு மனைவியிடம், தனக்கே நம்பிக்கை இல்லாமல்.

"வழியால போற ஆள் ஏனப்பா நிண்டு வாய்க்குள்ள எண்ணுறார்?" என்றாள் பத்மாதேவி. "உங்கட பிழையளைத்தான் எண்ணுறார். கந்தோர் அனுப்பின ஆள். நான் பெட்டியைக் கட்டட்டோ?"

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு!"

அடுத்த ட்ரில் நாள் பையன்களை வேலிக்கு முதுகு காட்டி நிறுத்தினார். முகம் தெரியாவிட்டால் பிழையும் தெரியாது என்பது அவர் கணக்கு. குடை மெல்ல அசைந்து, வேலியைச் சுற்றி நடந்து, முன்பக்கத்துக்கே வந்து நின்றது.

அதற்கும் அடுத்த தடவை, பள்ளிக்கூடத்தின் பின்னால் கிணற்றடிக்குப் படையைக் கூட்டிப்போனார். அது பள்ளம். மேலே கல்லுக்கட்டில் குடைக்காரர் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டார். முன்பு அரைகுறையாகத் தெரிந்தது இப்போது முழுசாகத் தெரிந்தது.

ஆளைக் குளிர்விக்கலாம் என்று, பள்ளிக்கூடக் காவல்காரன் அழகையாவிடம் தேத்தண்ணீரும் கருப்பட்டியும் கொடுத்தனுப்பினார். அவன் வெறுங் கோப்பையோடு திரும்பி வந்தான்.

"என்ன சொன்னவர்?"

"நல்லாக் குடிச்சாருங்க. அடுத்த வாட்டி மாஸ்டர் புதுசா என்னா செய்வாருன்னு கேட்டாருங்க. ஒன்னு விடாம பாக்கணுமாம்."

ஒன்று விடாமல்! இனிப் பழைய கைதூக்கலைக் காட்டினால் கதை முடிந்தது. புதுசுக்கு எங்கே போவது? அடுத்த தடவை, வேறு வழியில்லாமல், தப்பி ஓடிவந்த அந்தப் புகையிலைத் தோட்டத்திலிருந்தே ட்ரில்லை இறக்கினார்.

"துலா மிதி! ஒண்டு, ரெண்டு! கயிறு இழு! மூண்டு, நாலு! பாத்தியைக் கட்டு!"

பையன்கள் இல்லாத துலாவை மிதித்தார்கள், இல்லாத கயிற்றை இழுத்தார்கள். குடைக்காரர் ஆர்வம் தாங்காமல் எழுந்து நின்றார். அவருடைய கால்களும் லேசாக மிதிப்பதுபோல் இருந்தது. நையாண்டி செய்கிறான், கந்தோர்க் கள்ளன் என்று வாத்தியாருக்கு நெஞ்சு எரிந்தது. வேலை போகிறதென்றால் சும்மா போவேனா? பார் இதை!

இரண்டு கையையும் மேலே தூக்கி, பின்பக்கமாக வில்லாய் வளைந்தார். இடுப்பில் 'கடக்' என்றது.

"ஐயோ அம்மா!"

அப்படியே பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்துக் கிணற்றைச் சுற்றினார், உட்கார இடம் தேடி. வாத்தியார் செய்வதைச் செய்வதுதானே ட்ரில்? அத்தனை பையன்களும் இடுப்பைப் பிடித்து, காலை இழுத்து, வரிசை குலையாமல் பின்னால் வந்தார்கள்.

"ஐயோ அம்மா!" என்று ஒரே குரலில் முழங்கினார்கள்.

குடைக்காரர் குடையை மடக்கினார். கல்லுக்கட்டிலிருந்து குதித்து, கோட்டு பறக்க ஓடிவந்தார். இனி மறைத்து என்ன பயன்? வாத்தியார் கிணற்றுக் கட்டைப் பிடித்தபடி, கூசாமல் அழுதே விட்டார்.

"ஐயா, என்னை மன்னியுங்கோ! எனக்கு ட்ரில் தெரியாது. ஒரு நாளும் படிக்கேல்லை. இதெல்லாம் என்ரை சொந்தக் கூத்து. கந்தோருக்கு மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ!"

குடைக்காரர் திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். வாத்தியாரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, காதருகே குனிந்தார்.

"மெல்லப் பேசுங்க சேர்! எனக்கும்தான் ட்ரில் தெரியா, உங்களப் பாத்துத்தான் பக்கத்து ஊர் அக்குறணையில எங்கட ஸ்கூல் புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுத்துக்கிட்டு ஈக்கிறேன். நாளைக்கு இன்ஸ்பெக்டர் வாறாரு, இத மட்டும் செல்லுங்க: கடைசியில எங்கட புள்ளைகள் 'ஐயோ உம்மா'ண்டு கத்தினா மார்க்ஸ் கொறைப்பாங்களா?"