தாஸ் வீட்டுப் புழு

நிக்கோலின் ஸ்கூட்டர் தாஸ் வீட்டு கேட் முன்னால் நின்றது. எதிர்வீட்டு ஜன்னலில் இருந்து அதைப் பார்த்த ரெமிஜியஸுக்கு அடிவயிறு பற்றி எரிந்தது.

நிக்கோல் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிற பெண். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட ஒரு வெளிநாட்டுப் பல்லி வளர்க்கிறாள். அது தின்பது மாவுப்புழு. அந்தப் புழுவை டப்பாவில் கோதுமைத் தவிடு போட்டு வளர்த்துக் கொடுப்பது ரெமிஜியஸ். ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பினால் அவள் வந்து நிற்பாள். டப்பாவை வாங்கிப் பார்த்து "சூப்பர் அங்கிள்" என்பாள். வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு அவரைச் சூப்பர் என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான். பெற்ற பிள்ளைகள்கூடச் சொன்னதில்லை.

இப்போது அந்தச் சூப்பர் தாஸ் வீட்டுக்குப் போய்விட்டது.

அவள் வெளியே வந்ததும் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

"இன்னாம்மா, வீடு மாறிப் போச்சா?"

"இல்ல அங்கிள். உங்க பாக்ஸ்ல மைட்ஸ் வந்துடுச்சாமே. என் பல்லிக்கு ரிஸ்க் இல்லையா? தாஸ் அங்கிள் குடுத்த புழு பாருங்க, எவ்ளோ க்ளீன், எவ்ளோ குண்டு!"

திறந்து வேறு காட்டினாள். ஒவ்வொரு புழுவும் பொன் மாதிரி மின்னியது. தங்கச் சுரங்கத்தில் காலமெல்லாம் வேலை செய்த மனிதர். பொன்னைப் பார்த்து அவருக்கு இவ்வளவு எரிச்சல் வந்தது அதுதான் முதல் தடவை.

மைட்ஸ் என்று அவள் சொன்ன பொடி உண்ணி வந்தது உண்மைதான். டப்பா ஓரத்தில் மாவு சிந்தியது போல் இருந்தது. உற்றுப் பார்த்தால் அந்த மாவு நடந்தது. ஆனால் அது வீட்டுக்குள் இருக்கிற சங்கதி. வெளியே எப்படிப் போனது?

"அந்த தாஸுதான் உண்ணியைக் கொண்டாந்து உட்டிருப்பான்," என்றார் மனைவி ஹெலனிடம்.

"எப்டி? பாக்கெட்டுல போட்டுனு வந்தாரா?"

"சிரி, நல்லா சிரி. புழுன்னா மூக்கைப் பொத்திக்கினு ஓடுறவன் திடீர்னு புழு வளக்கறானே, எப்டி? கோலார்ல இருந்தே இதான் அவன் வேலை. நம்ம வீட்டுல ரேடியோ வந்தா அடுத்த வாரமே அவன் வீட்டுல டிவி வரும்."

"அந்த டிவி முன்னால மொதல்ல போய் உக்காந்தது நீங்கதான். புழு துன்னட்டும்னு கேரட்டைக் கழுவி ஈரத்தோட போட்டீங்க, உண்ணி வந்துச்சு. அதைத் தொடாம இருங்க, நான் பாத்துக்கறேன்."

தொடாமல் இருந்தால் அவர் ரெமிஜியஸ் இல்லை.

ஹெலனின் வாணலியை எடுத்துப் புதுத் தவிட்டை வறுத்தார். ஆற வைக்கப் பொறுமை இல்லை. சுடச்சுடக் கொட்டி மூடினார். மூடியில் ஆவி வேர்த்துச் சொட்டுச் சொட்டாக விழுந்தது. உண்ணிகளுக்கு மழைக்காலம் பிறந்தது.

ஈரத்தைக் காயவைக்க டப்பாவை மொட்டைமாடியில் திறந்து வைத்தார். மைனாக்கள் வந்தன. அவர் கம்பு எடுத்து வருவதற்குள் குண்டுப் புழுக்களாகப் பார்த்துத் தின்றுவிட்டு, உண்ணியை மட்டும் பத்திரமாக விட்டுவிட்டுப் போயின. கம்போடு அவர் நிற்கும்போது பெங்களூர் மழை வந்தது, எப்போதும்போல் சொல்லாமல்.

பிறகு டப்பாவின் விளிம்பு முழுக்க வாஸ்லின் களிம்பைத் தடவினார். உண்ணி அதைத் தாண்டாது என்று எங்கேயோ கேட்டிருந்தார். உண்மைதான், தாண்டவில்லை. உள்ளே இருந்தவை வெளியே போக வழியில்லாமல் குடும்பம் குட்டியோடு பெருகின. அதற்கு முன்பே வெளியே போனவை சமையலறையில் குடியேறியிருந்தன.

ஹெலன் சப்பாத்திக்கு மாவு அள்ளினாள்.

"மாவு நடக்குது."

"உனக்குக் கண்ணு சரியில்ல."

"என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. இன்னிக்கி சப்பாத்தி கிடையாது. மாவு தானா உருண்டு தட்டுக்கு வந்துச்சுன்னா துன்னுங்க."

வெறும் வயிற்றோடு ஜன்னலுக்குப் போனார். எதிரே தாஸ் முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி நிக்கோலிடம் புழுவைக் கொடுத்துக்கொண்டிருந்தான். என்ன திமிர்!

"சூப்பர் அங்கிள்!" என்று அவள் சொன்னது தெரு தாண்டி வந்து காதில் விழுந்தது.

அப்போதுதான் ரெமிஜியஸுக்கு அந்த யோசனை வந்தது. தன் டப்பாவைச் சுத்தம் செய்வதுதானே கஷ்டம்? தாஸ் டப்பாவை அசுத்தம் செய்வது சுலபம்.

உண்ணி மொய்த்த தவிட்டில் ஒரு பிடி அள்ளிக் கைக்குட்டையில் முடிந்தார். பேன்ட் மாட்டிக்கொண்டு அதைப் பாக்கெட்டில் திணித்தார். தாஸ் காய்கறிப் பையோடு தெருமுனை திரும்பியதும் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். அதற்குள் தொடை அரிக்கத் தொடங்கிவிட்டது.

தாஸின் மனைவி சம்பூர்ணம் கதவைத் திறந்தாள்.

"அட, வாங்கண்ணா! எங்க வீட்டு வாசப்படி இப்பதான் கண்ணுக்குத் தெரிஞ்சிதா? ஏன் நெளியறீங்க?"

"வயசாச்சு இல்ல."

"உக்காருங்க, காபி போட்டுனு வர்றேன்."

டப்பா பால்கனி அலமாரியில் இருந்தது. மூடியைத் திறந்தார். காய்ந்த தவிடு. கொழுகொழுவென்று புழு. இவ்வளவு நல்ல புழு ஒரு நாளும் தனக்கு வாய்த்ததில்லை என்று தோன்றியது. அது ஆத்திரத்தை இன்னும் கூட்டியது. கைக்குட்டையை அவிழ்த்து உதறினார். பாயசத்தில் சர்க்கரை கலப்பதுபோல் விரலை விட்டுக் கீழ்மேலாகக் கலக்கினார். மூடினார். பல நாள் கழித்து மனசு குளிர்ந்தது. அரிப்புகூடச் சுகமாக இருந்தது.

சம்பூர்ணம் காபியோடு வந்தாள். டப்பா பக்கத்தில் அவர் நிற்பதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"எடுத்துனு போகத்தான் வந்தீங்களா? நல்ல வேளைண்ணா. எங்க வீட்டுக்காரருக்கு இதைப் பாத்தாலே குமட்டுது. அந்தப் பொண்ணு வேற ஆளைத் தேடிப் போயிடக் கூடாதேன்னு பல்லைக் கடிச்சினு அள்ளிக் குடுக்கறாரு."

"நான் எதுக்கு எடுத்துனு போவணும்?" ரெமிஜியஸ் தாராளமாகச் சிரித்தபடி காபியை வாங்கிக்கொண்டார். "அவன் புழு அவன்கிட்டயே இருக்கட்டும்."

"அவரு புழுவா! உங்க டப்பாவுல உண்ணி வந்த உடனே, வித்துக்கு ஆவட்டும்னு நல்ல புழுவா பொறுக்கி ஹெலன் அக்காதாண்ணா இங்க கொண்டாந்து ஒளிச்சு வச்சுது. உங்க கை பட்டா இதையும் கெடுத்துடுவீங்களாம்."