அக்கா வந்தால்தான் கல்யாணம்

கடிதத்தில் மொத்தமே நாலு வரிதான். லிஃப்ட் மெக்கானிக் அதைச் சமையலறை மேஜையில் விரித்து வைத்து, கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றியும் இறக்கியும் ஐந்தாவது முறையாகப் படித்தார்.

"'மேற்படி திருமணம் நடைபெறவிருக்கிறது என்பதில் எங்களுக்கு நம்பிக்கை ஏற்படவில்லை. ஆகவே விசா மறுக்கப்படுகிறது.' கேட்டியா? நம்பிக்கை ஏற்படலையாம்! என் பொண்ணு கல்யாணம் நடக்குமா நடக்காதான்னு எனக்குத் தெரியுமா, அந்த ஆளுக்குத் தெரியுமா?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவியின் கையிலிருந்து கரண்டி நழுவித் தொட்டிக்குள் விழுந்தது.

"அதுக்கு ஏங்க இப்படிக் கத்துறீங்க? அவங்களுக்கு நம்பிக்கை வரலேன்னா விட்டுத் தள்ளுங்க. கல்யாணத்த முடிச்சிட்டு, அண்ணிக்கு அப்புறமா ஒரு நாள் நிதானமா விசா வாங்கிக்கலாம்."

"அப்புறமாவா? அக்கா வந்தாத்தான் கல்யாணம். எழுதி வச்சுக்கோ."

"ரெண்டு வருஷமா அதைத்தானே எழுதி வச்சிக்கிட்டு இருக்கேன்" என்று மனைவி முணுமுணுத்தாள்.

மெக்கானிக்கின் அக்கா அவரைவிடப் பதினோரு வயது மூத்தவள். அம்மா போனபோது இவருக்கு ஐந்து வயது. தலை வாரி, சட்டைப் பொத்தான் போட்டு, பள்ளிக்கூட வாசல் வரை கையைப் பிடித்துக் கூட்டிப் போனதெல்லாம் அக்காதான். தம்பியை யார் பார்த்துக்கொள்வது என்று தன் கல்யாணத்தையே இரண்டு வருடம் தள்ளிப் போட்டவள் அவள். கடல் தாண்டி இந்த ஊருக்கு வந்து குடியேறியபின் ஒரே ஒரு முறை போய் அவளைப் பார்த்திருந்தார். அதற்கும் பதினாறு வருடமாகிவிட்டது. அப்படிப்பட்ட அக்கா இல்லாமல் மகளை எவன் கையிலாவது பிடித்துக் கொடுப்பதா?

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து முடிவானது இரண்டு வருடத்துக்கு முன்பு. முதல் தேதி குறித்தபோது அக்காவிடம் பாஸ்போர்ட்டே இல்லை என்று தெரிந்தது. தேதி தள்ளிப் போனது. இரண்டாவது தேதிக்கு அத்தான், விண்ணப்பத்தில் தன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் தகப்பனார் பெயரையும், தகப்பனார் பெயர் எழுத வேண்டிய இடத்தில் தன் பெயரையும் எழுதிவிட்டார். செத்துப்போனவருக்கு விசா தருவதில்லை என்று பதில் வந்தது. மறுபடியும் தேதி தள்ளிப் போனது. இப்போது மூன்றாவது தேதி. இன்னும் ஏழு வாரம்.

மெக்கானிக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தெருமுனையில் இருந்த ஜெராக்ஸ் கடைக்கு ஓடினார். கடைக்காரர் விசா விவகாரத்தில் புலி என்று பேர். அவர் இதுவரை எந்த நாட்டுக்கும் போனதில்லை. ஆனால் எல்லா நாட்டு விண்ணப்பத்தையும் நகல் எடுத்திருக்கிறார்.

கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார். "போட்டோ வச்சீங்களா?"

"அக்கா போட்டோ, அத்தான் போட்டோ ரெண்டும் வச்சேனே."

"அது இல்லீங்க. பொண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து எடுத்த போட்டோ. அது இல்லாம கல்யாணம்னா எவன் நம்புவான்?"

மெக்கானிக் துள்ளினார். இத்தனை சின்ன விஷயமா! அன்று மாலையே மாப்பிள்ளையை வீட்டுக்கு வரச் சொன்னார். மாப்பிள்ளைக்கு மருந்துக்கடையில் வேலை. மிகவும் அடக்கமான பிள்ளை. மெக்கானிக் குரலை உயர்த்தினால் எழுந்து நின்றுவிடுவான்.

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா?"

"இல்லப்பா" என்றாள் மகள்.

"நிறைய இருக்கு மாமா" என்றான் மாப்பிள்ளை, அதே நொடியில்.

மகள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளை எழுந்து நின்றான். "நிறைய... இல்ல மாமா. ஒண்ணுகூட இல்ல."

'சின்னஞ்சிறுசுகள், வெட்கப்படுதுகள்' என்று மெக்கானிக்கின் மனம் குளிர்ந்துபோனது. மறுநாளே இருவரையும் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனார். போட்டோகிராபர், "கொஞ்சம் நெருங்கி உக்காருங்க" என்றார். இருவரும் நெருங்கினார்கள்.

"ஏய், ஏய்!" என்று மெக்கானிக் குறுக்கே பாய்ந்தார். "இன்னும் கல்யாணம் ஆகலப்பா. நடுவுல ஒரு ஆள் உக்கார்ற அளவுக்கு இடம் விடுங்க."

துணைக்கு வந்திருந்த மனைவிக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தும் நிற்கவில்லை.

படத்தை வாங்கிப் பார்த்த ஜெராக்ஸ் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "பல் டாக்டர்கிட்ட நம்பருக்குக் காத்திருக்கிறவங்க மாதிரி இருக்காங்களே. இதை அனுப்பினா, இருக்கிற சந்தேகமும் கெட்டியாயிடும். சரி, இதுக்குத் துணையா மண்டபத்துலேருந்து ஒரு கடிதம் வாங்கிடுங்க."

மண்டபத்து மேலாளர் நேர்மையானவர். அதுதான் கோளாறு. உடனே உட்கார்ந்து அழகான எழுத்தில் எழுதிக் கொடுத்தார்: 'இந்தக் குடும்பத்தார் எங்கள் மண்டபத்தை மூன்று முறை பதிவு செய்து, இரண்டு முறை ரத்து செய்துள்ளார்கள். இம்முறையாவது நடக்கும் என்று நாங்களும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.'

"இம்முறையாவதுங்கிற வார்த்தையை எடுத்துடலாமே" என்று மெக்கானிக் கெஞ்சிப் பார்த்தார்.

"மனசுல பட்டதை எழுதினேன் சார்" என்றார் மேலாளர்.

ரத்துக்குக் காரணம் சொல்ல வேண்டுமே என்று மெக்கானிக்குக் கவலை வந்தது. யோசித்து யோசித்து, அச்சடித்து வீணாய்ப்போன முந்தைய இரண்டு பத்திரிகைகளையும், இப்போதைய பத்திரிகையையும் சேர்த்து வைத்தார். எத்தனை பாடுபட்டிருக்கிறோம் என்று அதிகாரிக்குத் தெரியட்டும்.

ஜெராக்ஸ் கடைக்காரர் மூன்றையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தார். "மூணுலயும் ஒரே மாப்பிள்ளைதானே?"

"என்னய்யா கேள்வி இது!"

"நான் கேக்கலீங்க. அவங்க கேப்பாங்க."

கேட்டேவிட்டார்கள். காகிதங்களை அனுப்பிய ஒன்பதாம் நாள் அக்காவிடமிருந்து போன் வந்தது. "தம்பி, ஒரே ஜோடிக்கு எப்படி மூணு தேதில கல்யாணம்னு கேட்டு எழுதியிருக்காங்கடா. வர்ற வியாழக்கிழமை என்னையும் உங்க அத்தானையும் நேர்ல வரச் சொல்லியிருக்காங்க. எனக்கு இப்பவே கை கால் நடுங்குது."

"நடுங்காதக்கா! நான் எதுக்கு இருக்கேன்? கேள்வி பதில் எல்லாம் சொல்லித் தரேன்."

மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட லிஃப்டுக்குள் இருப்பவர்களுக்குக் கதவிடுக்கு வழியாகத் தைரியம் சொல்லிச் சொல்லியே இருபத்தாறு வருடம் ஓட்டியவர் அவர். அந்தக் குரலிலேயே தினமும் அக்காவுக்குப் பாடம் நடத்தினார்.

"மாப்பிள்ளை என்ன பண்றார்?"

"மருந்து சாப்பிடுறார்."

"ஐயோ அக்கா! மருந்துக்கடைல வேலை பாக்குறார். மண்டபத்துல எத்தனை பேர் உக்காரலாம்?"

"இருநூத்தம்பது. ஏண்டா, இதெல்லாம் எனக்கு எதுக்கு? நான் ஒரு நாற்காலிலதானே உக்காரப் போறேன்?"

"கேட்டா சொல்லணும்க்கா. கல்யாணம் எத்தனை தடவை தள்ளிப்போச்சு?"

"எனக்கா, என் மருமகளுக்கா?"

மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்த வேகத்தில் போனால் வியாழக்கிழமை அக்கா எதையாவது உளறி, ஆயுளுக்கும் விசா கிடையாது என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். மறுபடி ஜெராக்ஸ் கடை.

"ஒரே வழிதான்" என்றார் கடைக்காரர். "தனியார் காகிதமெல்லாம் செல்லாது. அரசாங்க முத்திரை வேணும். திருமணப் பதிவு அலுவலகத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க. 'இன்ன தேதில இவங்க கல்யாணத்தைப் பதிவு செய்ய இருக்கிறோம்'னு ஒரு சான்றிதழ் தருவாங்க. அதை வியாழக்கிழமை காலையிலேயே வாங்கி அனுப்பிடுங்க. அரசாங்கம் சொன்னா அரசாங்கம் நம்பித்தானே ஆகணும்?"

மெக்கானிக் அவரைக் கட்டிப்பிடித்து, அவர் சட்டையெல்லாம் மசியாகியிருந்ததால் தன் சட்டையையும் கறையாக்கிக்கொண்டு, வீட்டுக்கு இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார்.

மாலையில் மாப்பிள்ளையையும் வரவழைத்துச் செய்தியைச் சொன்னார்.

"பதிவு அலுவலகமா?" என்றாள் மகள்.

"எனக்கு வியாழக்கிழமை லீவு கிடைக்காது மாமா" என்று மாப்பிள்ளை எழுந்து நின்றான்.

"நான் உங்க முதலாளிகிட்ட பேசியாச்சு. கொடுத்துட்டார்."

"என் அடையாள அட்டை தொலைஞ்சு போச்சுப்பா."

"இதோ, உன் மேஜை இழுப்பறைல பத்திரமா இருந்துச்சு."

மனைவி பொறுக்க முடியாமல் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்னங்க, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. அந்த ஆபீஸ் மட்டும் வேண்டாம். எனக்கு என்னவோ மனசே சரியில்ல."

மெக்கானிக் அவளை உற்றுப் பார்த்தார். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. "எனக்குத் தெரியும். என் அக்கா வர்றது உனக்குப் பிடிக்கல. முதல்லேருந்தே பாத்துட்டுத்தான் இருக்கேன். போட்டோ எடுக்கப் போனா இருமுற, கடிதம்னா கரண்டியைப் போடுற. நாத்தனார்னா அவ்வளவு ஆகாதா உனக்கு?"

மனைவி மகளைப் பார்த்தாள். "நானும் வரேன்" என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை நால்வரும் பதிவு அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இவர்கள் நம்பர் நாற்பத்தேழு. சுவரில் இருந்த பலகை முப்பத்தொன்பதைக் காட்டியது. மெக்கானிக் ஒரு நிமிடம் உட்கார்ந்தார், இரண்டு நிமிடம் நடந்தார். அங்கே அக்காவை இந்நேரம் கூப்பிட்டிருப்பார்களே! மாப்பிள்ளைக்கு வியர்த்து ஊற்றியது. மகள் நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டாள். மனைவி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பலகை நாற்பத்தாறுக்கு மாறியபோது போன் அடித்தது. அக்கா!

"தம்பி! குடுத்துட்டாங்கடா! ரெண்டு பேருக்கும் குடுத்துட்டாங்க!"

"என்னக்கா சொல்றே? எப்படி? எல்லாக் கேள்விக்கும் சரியாச் சொன்னியா?"

"ஒண்ணுகூட ஞாபகம் வரலடா. அந்த அதிகாரி நீ அனுப்பின காகிதத்தையெல்லாம் ஓரமாத் தள்ளி வச்சிட்டு, 'அம்மா, இந்தக் கல்யாணம் நடக்கப்போறது நிஜம்தானா?'ன்னு கேட்டார். 'எனக்கென்ன ஐயா தெரியும்? நடந்தா நடக்கட்டும், இல்லேன்னா போகட்டும். என் தம்பியைக் கண்ணால பாத்துப் பதினாறு வருஷமாச்சு. ஒரு தடவை பாத்துட்டு ஓடி வந்துடறேன்'னு சொன்னேன். உடனே அவர், 'இந்தக் கட்டுலயே நம்புற மாதிரி இருக்கிறது இது ஒண்ணுதாம்மா'ன்னு சொல்லி, முத்திரையைக் குத்திட்டார்டா!"

"அக்கா... அக்கா..." என்பதைத் தவிர மெக்கானிக் வாயிலிருந்து வேறெதுவும் வரவில்லை. கண்ணில் தண்ணீர் ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிக்கொண்டார். அந்த மனிதர் எதற்கென்று தெரியாமலே அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். மகளும் அழுதாள், மாப்பிள்ளையும் அழுதான். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடவுளே, பிழைச்சேன்" என்றாள். நாத்தனார் வருவதற்கு அவள் இத்தனை சந்தோஷப்படுவதைப் பார்த்ததும் மெக்கானிக்குக் குற்ற உணர்வாகிவிட்டது.

"உன்னைத் தப்பா நினைச்சிட்டேன்" என்று அவள் கையைப் பிடித்தார்.

"அதெல்லாம் வீட்ல போய்ப் பேசிக்கலாம். எந்திரிங்க, போகலாம்" என்றாள் அவள். மகளும் மாப்பிள்ளையும் ஏற்கெனவே பாதி வாசலுக்குப் போயிருந்தார்கள்.

"நாற்பத்தேழு!" என்று கூப்பிட்டார்கள்.

மெக்கானிக் திரும்பினார். சந்தோஷத்தில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. "இவ்வளவு நேரம் காத்திருந்தாச்சு. கையோட பதிவுக்கும் தேதி வாங்கிட்டே போயிடலாமே! இனிமே கல்யாணம் தள்ளிப்போக என்ன இருக்கு?"

"வேண்டாம்!" என்று மூன்று குரல் ஒரே நேரத்தில் எழுந்தது.

"சும்மா வாங்க, ரெண்டு நிமிஷ வேலை" என்று அவர் மாப்பிள்ளை தோளில் ஒரு கையும் மகள் தோளில் ஒரு கையுமாகப் போட்டு இருவரையும் ஜன்னலுக்கு இழுத்து வந்தார். மனைவி பின்னாலேயே ஓடி வந்தாள். மெக்கானிக் இரண்டு அடையாள அட்டைகளையும் உள்ளே நீட்டி, "என் பொண்ணு, மாப்பிள்ளை. அடுத்த மாசம் கல்யாணம். என் அக்காவே வர்றாங்க!" என்றார்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் எண்களைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள், கடைசியாக மெக்கானிக்கின் தோளுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற மனைவியைப் பார்த்துச் சிநேகமாகச் சிரித்தாள்.

"இவங்க கல்யாணம்தான் போன வருஷமே இங்க பதிவாயிடுச்சே சார், சாட்சிக் கையெழுத்துப் போட்டதே இந்த அம்மாதானே?"