இரண்டு மிஷினும் ஒரு பள்ளமும்

ஆறாயிரத்து நானூறு ரூபாய். மோட்டாருக்குக் காயில் கட்டும் காயில்காரருக்கு வரவேண்டிய பாக்கி அது. எரிந்துபோன ஒரு கிணற்று மோட்டாருக்குப் புதுச் செம்புக் கம்பி சுற்றி, பேரிங் மாற்றி, வார்னிஷ் காயவைத்து, பால் வேனில் ஏற்றி அனுப்பி மூன்று மாதமாகிறது. மோட்டார் போய்ச் சேர்ந்தது. காசு வந்து சேரவில்லை.

போன் செய்தால் ஒரு பெண் எடுப்பாள். "நாளைக்கு அண்ணே" என்பாள். அந்த நம்பருக்கு அவர் போனில் 'நாளைக்கு' என்றே பெயர் போட்டு வைத்திருந்தார்.

"காசு வாங்காம அனுப்பாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி. "பயிர் காயுதுன்னு ஒருத்தி அழுதா போதும், உடனே இளகிடுவீங்க. ஏமாளின்னு நெத்தியிலேயே எழுதி ஒட்டியிருக்கு."

"நேர்ல போய் வாங்கிட்டு வரேன். வாங்காம வந்தா அப்படியே கூப்பிடு."

'நாளைக்கு'வும் மறுக்கவில்லை. "தாராளமா வாங்கண்ணே, வெறுங்கையோட அனுப்ப மாட்டோம்" என்று வீடு இருக்கும் இடத்தைப் போனுக்கு அனுப்பினாள். கல் குவாரியைத் தாண்டி முள்காட்டுக்குள் ஒரு சிவப்புப் புள்ளி. அதுவரைக்கும் ரோடு என்று ஒன்று கிடையாது.

மச்சானிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பழைய ஜீப்பை வாங்கினார். வழிச்செலவுக்கு, மனைவி புதுத் தையல் மிஷினுக்காகச் சேர்த்திருந்த டப்பாவில் கை வைத்தார்.

குவாரி தாண்டியதும் போனில் சிக்னல் செத்தது. வழி காட்டிய வரைபடம் வெள்ளையாகிவிட்டது. குத்துமதிப்பாக ஓட்டினார். ஒரு பள்ளத்தில் இறங்கியதும் முன் சக்கரம் இரண்டும் 'தொபுக்'கென்று சேற்றில் உட்கார்ந்தன.

கால் மணி நேரத்தில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. கூப்பிட்டு வைத்தது போல வந்தது.

"ரெண்டாயிரம்," என்றார் டிராக்டர்காரர்.

"என்னங்க இது, பகல் கொள்ளையா இருக்கே!"

"அப்ப தள்ளிப் பாருங்க. தள்ளி முடிச்சதும் ஒரு குரல் கொடுங்க. நான் அந்த நிழல்ல படுத்திருக்கேன்."

காயில்காரர் நான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டை எண்ணிக் கொடுத்தார். முப்பது வருட வார்னிஷும் கிரீஸும் ஏறிப்போன கட்டைவிரல் அவருக்கு. எந்தச் சோப்புக்கும் மசியாது. தொட்ட நோட்டிலெல்லாம் ஒரு கறுப்பு ரேகை விழும்.

"எங்க போகணும்?" என்றார் டிராக்டர்காரர், சங்கிலியை மாட்டியபடி.

உண்மையைச் சொன்னால் இந்த ஆள் போய் அந்தப் பெண்ணிடம் சொல்லி, அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால்?

"சும்மா. காட்டைச் சுத்திப் பாக்கலாம்னு."

டிராக்டர்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பாருங்க பாருங்க," என்று ஜீப்பைப் பின்பக்கமாக இழுத்துக் கரையில் விட்டார்.

வீட்டில் மனைவி கேட்டாள். "எவ்வளவு?"

"ரெண்டாயிரம்."

"பரவாயில்லையே! மீதியை எப்ப தராளாம்?"

"வாங்கலை. கொடுத்தேன்."

தையல் மிஷின் நின்றது. அதற்குப் பிறகு அவள் சொன்னதை அவர் மச்சானிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் ஜிபிஎஸ் விற்கும் கடையில் போய் நின்றார். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஆறு மிஷின்களை எடுத்து வரிசையாக வைத்தார்.

"எப்படிப்பட்டது வேணும் சார்? கண்ணாடியில ஒட்டுறதா, கையில பிடிக்கிறதா?"

"சேத்துல மாட்டாதது."

"அது டிரைவரைப் பொறுத்தது சார்."

காயில்காரர் முறைத்த முறைப்பில் கடைக்காரர் விலை குறைந்ததை முன்னால் தள்ளினார். நாலாயிரத்து ஐந்நூறு. நெட் வேண்டாம், பேசும், ஒரு வருடம் கேரண்டி.

பேசத்தான் செய்தது. ரோட்டை விட்டு இறங்கிய நிமிடத்திலிருந்து, "வாய்ப்புள்ள இடத்தில் திரும்பிச் செல்லவும்" என்று பத்தொன்பது தடவை சொன்னது. அவர் எண்ணினார். திட்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். கடைசியில் அது மனம் மாறி, "இருநூறு மீட்டர் நேராகச் செல்லவும்" என்றது. போனார். தொபுக்.

"நீங்கள் சரியான பாதையில் செல்கிறீர்கள்," என்றது மிஷின்.

"உன் வாயில மண்ணைப் போட!"

டிராக்டருக்காகக் காத்திருந்தபோது தூரத்தில் ஒரு மோட்டார் ஓடுவது கேட்டது. யார் கட்டிய காயிலோ, இரைச்சலே இல்லாமல் சீராக ஓடியது. இந்த வனாந்தரத்திலும் வேலை தெரிந்த ஒருவன் கட்டிய மோட்டார் இருக்கிறதே என்று, அந்த எரிச்சலிலும் அவருக்கு ஒரு சின்ன ஆறுதல்.

"இன்னும் சுத்திப் பாத்து முடியலையா?" என்றபடி டிராக்டர்காரர் இறங்கினார். இன்னொரு ரெண்டாயிரம். மறுபடி பின்பக்க இழுவை.

கடைக்காரர் அந்த மிஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ரப்பர் உறை போட்ட தடியான ஒன்றை நீட்டினார். "காட்டுக்குன்னே செஞ்சது சார். தண்ணியில போட்டா மிதக்கும். மேடு பள்ளத்தைக் கோடு கோடாக் காட்டும். பதினாறாயிரம். பழசைக் கழிச்சுக்கலாம், மீதிக்குத் தவணை."

"முதல்ல அந்தப் பள்ளத்தைக் காட்டு."

கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கினார். "இதுவா? காஞ்ச பள்ளம் சார். வருஷம் பூரா காஞ்சுதான் கிடக்கும். வெறும் தூசி பறக்கும்."

"தூசி பறக்கலை தம்பி. என் நாலாயிரம் பறந்தது."

"அப்ப முப்பது மீட்டர் இடது பக்கம் ஒதுங்கிப் போங்க. கெட்டித் தரைன்னு மிஷினே சொல்லுது, பாருங்க."

தவணைச் சீட்டை மனைவி பார்த்துவிட்டாள். "ஆறாயிரத்து நானூறை வசூல் பண்ணப் பதினாறாயிரத்துக்கு மிஷினா? உங்களுக்கு அந்த 'நாளைக்கு'வே தேவலை. அவ ஒரு தடவைதான் ஏமாத்தினா."

மூன்றாம் தடவை காயில்காரர் முப்பது மீட்டரையும் மிஷினில் பார்த்துப் பார்த்து ஒதுங்கினார். கெட்டித் தரை என்று அது பச்சை விளக்குக் காட்டிய இடத்தில் ஜீப் நான்கு சக்கரத்தோடும் இறங்கி உட்கார்ந்தது. மிஷினைத் தூக்கிச் சேற்றில் எறிந்தார். கடைக்காரர் சொன்னதில் ஒன்று உண்மை. அது மிதந்தது.

டிராக்டர்காரர் வந்தார். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. சங்கிலியை எடுத்தார்.

"முன்னால இழுங்க," என்றார் காயில்காரர். "அந்தக் கரைக்கு. இனிமே நான் திரும்பிப் போறதா இல்லை."

"அது எதிர்மேடு. நானூறு கூட ஆகும்."

கொடுத்தார். டப்பாவில் கடைசியாக இருந்த நான்கு ஐந்நூறும், பேண்ட் பையில் நனைந்துபோன நான்கு நூறும். ஜீப்பை மேட்டில் ஏற்றிவிட்டு டிராக்டர் போய்விட்டது. தண்ணீர் புகுந்த ஜீப் அரை மணி நேரம் இருமிப் பார்த்துவிட்டு அடங்கியது. மிஷினைத் துடைத்துப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, சிவப்புப் புள்ளியை நோக்கி நடந்தார்.

வீடு இருந்தது. ஆள் இருந்தாள். பூட்டிக்கொண்டு ஓடவில்லை.

"வாங்கண்ணே வாங்க! மோட்டார் அண்ணன்தானே? கையைப் பாத்ததுமே தெரிஞ்சுது. கால் முழுக்கச் சேறு, இப்படி வந்து கழுவிக்கோங்க."

குழாயில் தண்ணீர் பீறிட்டு வந்தது. அந்தச் சீரான சத்தம் கிணற்றுப் பக்கமிருந்து கேட்டது. காயில்காரர் காது கொடுத்தார். தன் கை வேலை! தான் கட்டிய காயில்! நெஞ்சில் இருந்த கொதிப்பு பாதி இறங்கிவிட்டது.

அவள் உள்ளே போய் ஒரு கட்டு நோட்டோடு வந்தாள். "இத்தனை நாள் இழுத்தடிச்சதுக்கு மன்னிச்சுக்கோங்கண்ணே. ஆறாயிரத்து நானூறு. எண்ணிக்கோங்க."

பன்னிரண்டு ஐந்நூறு. நான்கு நூறு. எண்ணினார். பில்லில் 'பாக்கி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார். நீட்டியபோதுதான் பார்த்தார். பில்லின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை கறுப்பாக விழுந்திருந்தது. கையிலிருந்த பதினாறு நோட்டிலும் அதே ரேகை. நூறு ரூபாய் நான்கும் இன்னும் ஈரமாக இருந்தன.

"இது... இந்தப் பணம்..." என்றார்.

"எல்லாம் உங்க கைராசிதான் அண்ணே," என்றாள் அவள். "நீங்க மோட்டாரைச் சரி பண்ணித் தந்ததாலதான் அந்தக் காஞ்ச பள்ளத்துக்குத் தினமும் தண்ணி விட முடியுது; இல்லேன்னா எவனோ ஒரு மிஷின் வச்ச ஜீப்காரன் மூணு தடவை வந்து எங்க சிக்குவான், என் வீட்டுக்காரர் எப்ப டிராக்டர்ல இழுத்துச் சம்பாதிப்பார், நாங்க எப்ப உங்க கடனை அடைப்போம்?"